மூன்றாவது எஸ் யாருடைய வேலை?

செய்யாறு சிப்காட்டுக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போகும் எந்தத் தம்பியையும் தங்கையையும் கேட்டுப் பாருங்கள். சேர்ந்த சில நாட்களிலேயே '5 எஸ்' பாடம் நடத்தியிருப்பார்கள். செய்ரி: தேவையானதை வைத்துக்கொள், தேவையற்றதை அகற்று. செய்ட்டன்: ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் கொடு. செய்சோ: சுத்தம் செய். செய்கெட்சு: இதை நிலையான முறையாக்கு. ஷிட்சுகே: யாரும் சொல்லாமலே கடைப்பிடி. ஐந்தும் ஜப்பானியச் சொற்கள். தொழிற்சாலையில் தொடங்கிய இந்தப் பாடம் இன்று மருத்துவமனைகள், அலுவலகங்கள், கல்லூரி மேலாண்மை வகுப்புகள் வரை வந்துவிட்டது.

தமிழ்நாட்டு முதலாளிகளுக்கு ஜப்பானிய முறைகள் புதிதல்ல. தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் விருதை 1998இல் சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் பெற்றது. 2002இல் ஓசூர் டிவிஎஸ் மோட்டார் பெற்றது. அந்த முறைகள் மீது நமக்குப் பகை ஏதும் இல்லை. வேலை செய்யும் இடம் ஒழுங்காக இருந்தால் விபத்து குறையும், தேடி அலையும் நேரம் மிச்சமாகும். அது தொழிலாளிக்கும் நல்லதுதான்.

எங்கள் கேள்வி ஒன்றே ஒன்று. மூன்றாவது எஸ்ஸை இந்த நாட்டில் யார் செய்கிறார்கள்?

சுத்தம் செய்வது அறிவு

செய்சோ என்பதை 'துப்புரவு' என்று மொழிபெயர்த்துவிட்டுக் கடந்துபோகிறோம். அதன் உள்ளடக்கம் வேறு. இயந்திரத்தை இயக்குபவரே அதைத் துடைக்க வேண்டும். துடைக்கும்போதுதான் எண்ணெய் எங்கே கசிகிறது, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று கைக்குத் தெரியும். ஆக, சுத்தம் செய்வது ஒரு சோதனை, ஓர் அறிவு. அதை வேறொருவர் தலையில் கட்டினால் அந்த அறிவும் போய்விடும். ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே பெருக்கித் துடைப்பதும் இதே எண்ணத்தில்தான்.

இங்கே என்ன நடக்கிறது? அண்மையில் நாங்கள் போயிருந்த ஒரு பயிற்சி வகுப்பில் காலை முழுக்க 5 எஸ் பேசினார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் எச்சில் இலையையும் டீ கப்பையும் அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள். எடுக்க ஓர் அக்கா வந்தார். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நாங்கள் கேட்கத் தேவை இருக்கவில்லை. அறையில் இருந்த யாருக்கும் அது முரணாகவே தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

பிள்ளைகள் விஷயம் இதைவிட மோசம். 2022இல் ஈரோடு மாவட்டத்து அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்த வழக்கில் தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டார். எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்துக் கழுவினால் அது பாடம். சாதி பார்த்து ஆள் பொறுக்கினால் அது வன்கொடுமை. வேலை ஒன்றுதான், யார் கையில் திணிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாதி என்பது வெறும் வேலைப் பங்கீடு என்று வாதிட்டவர்களுக்கு பாபாசாகேப் 1936இலேயே பதில் சொல்லிவிட்டார். அந்தப் பதிலைப் படிக்காமல் இங்கே எந்த மேலாண்மைப் பாடமும் முழுமையாகாது.

ஒவ்வொருவருக்கும் ஓர் இடம்

இரண்டாவது எஸ்ஸை நம் சமூகம் ஜப்பானிடம் கற்க வேண்டியதே இல்லை. பொருளுக்கு அல்ல, மனிதர்களுக்கே இடம் ஒதுக்கிக் கோடு போட்ட நாடு இது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். தனிச் சுடுகாடு. நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் கால்வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் அதிகாரிகள் முன்னிற்க, போலீஸ் காவலோடு.

இப்போது திருவண்ணாமலை நகரத்துக்கு வருவோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் பல மடங்கு. அன்னதான இலைகள், பாக்கு மட்டைத் தட்டுகள், தண்ணீர் பாட்டில்கள், தெருவோரத்து மலம் எல்லாம் மறுநாள் விடியலில் அங்கேதான் கிடக்கும். நடந்தவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள். புண்ணியம் அவர்களோடு போய்விடும், குப்பை மட்டும் நம் மக்களுக்கு மிஞ்சும். தீபத்துக்கு வெளியூர்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். 2024இல் நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. துடைப்பம் பிடிக்கும் அம்மாக்களின் வாழ்க்கை எவ்வளவு உயர்ந்தது என்று அவர்களிடமே கேளுங்கள்.

நிறுத்தும் கயிறு எங்கே?

ஜப்பானிய முறையில் நம் ஆட்கள் வேண்டுமென்றே மறக்கும் பகுதிகள் உண்டு. 'முதா' என்றால் வீண். அதைக் குறைப்பது பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கூடவே 'முரி' என்று ஒன்று இருக்கிறது. மனிதர் மீதோ இயந்திரத்தின் மீதோ தாங்க முடியாத சுமையை ஏற்றுவது. அதையும் ஒழிக்க வேண்டும் என்பதும் அதே பாடம்தான். அதை யாரும் பலகையில் எழுதுவதில்லை.

இன்னொன்று, ஆண்டன் கயிறு. டொயோட்டா தொழிற்சாலையில் கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார். சரிசெய்ய முடியாவிட்டால் உற்பத்தித் தொடரே நிற்கும். கடைநிலைத் தொழிலாளிக்கும் 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் உண்டு.

மலக்குழிக்குள் இறக்கப்படும் நம் சகோதரனுக்கும் ஒரு கயிறு கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது உடலை மேலே தூக்கத்தான் பயன்படுகிறது. பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டுவரை சிறை. செத்தால் 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது. சாவு நிற்கவில்லை.

2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். அவர்கள் இழுத்ததும் அதே 'நிறுத்து' கயிற்றைத்தான். 13ஆம் நாள் நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. கட்டுப்பாடு தொழிலாளிக்கு, நிறுத்தும் உரிமை முதலாளிக்கு. நம் ஊர் 5 எஸ் இதுதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. தவறு நேராமல் தடுக்கும் சிறு ஏற்பாடுகளுக்கு ஜப்பானில் முதலில் 'பகா யோகே' என்று பெயர். முட்டாள்தனத்தைத் தடுப்பது என்று பொருள். தன்னை முட்டாள் என்கிறார்களே என்று ஒரு பெண் தொழிலாளி மனம் நொந்ததும், பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ 'போகா யோகே', அதாவது தவறு தடுப்பு, என்று பெயரை மாற்றினார். பழியைத் தொழிலாளி மேல் போடாமல் வேலைமுறையைத் திருத்து என்பதே அதன் சாரம். இங்கேயும் 'துப்புரவு' போய் 'தூய்மை' வந்தது. பெயர் மாறியது. ஒப்பந்தக் கூலியும் வெறுங்கையும் மாறவில்லை.

ஜப்பான் சொர்க்கமல்ல

இதற்காக ஜப்பானைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். அங்கேயும் தோல் பதனிட்டவர்களையும் இறைச்சி வெட்டியவர்களையும் தீட்டாக ஒதுக்கினார்கள். அவர்களே புராக்கு மக்கள். 1871இல் அரசாணை அவர்களைச் சட்டப்படி விடுவித்தது. சமூகம் விடவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் 'சூய்ஹெய்ஷா' என்ற சமத்துவ இயக்கத்தை அவர்களே கட்டினார்கள். 1975இல் வெளிவந்த உண்மை இன்னும் கசப்பானது. புராக்கு மக்கள் வாழும் ஊர்களின் பட்டியலை 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ரகசியமாக விலைக்கு வாங்கியிருந்தன. வேலைக்கு மனு போட்டவர் எந்த ஊர் என்று பார்த்துக் கழிப்பதற்காக. வேண்டாததை அகற்று என்ற முதல் எஸ் மனிதர்கள் மேல் பாய்ந்தால் இதுதான் நடக்கும். எந்த நல்ல முறையும் தானாகச் சாதியை ஒழித்துவிடாது. அதற்கு இயக்கம் வேண்டும்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை உங்கள் கல்லூரியில் 5 எஸ் பயிற்சி நடந்தால் எழுந்து நின்று கேளுங்கள். இங்கே கழிப்பறை கழுவுபவர் நிரந்தர ஊழியரா, ஒப்பந்தமா? அவருக்குக் கையுறையும் பூட்ஸும் யார் தருகிறார்கள்? 'இந்த வேலையைச் செய்ய மாட்டேன்' என்று சொன்னால் நாளை அவருக்கு வேலை இருக்குமா? முதல்வரும் பேராசிரியரும் தங்கள் மேசையைத் தாங்களே துடைப்பார்களா?

'கெம்பா' என்றும் ஒரு சொல் சொல்லித் தருவார்கள். அறையில் உட்கார்ந்து பேசாதே, வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பார் என்று பொருள். போவோம். அடுத்த பௌர்ணமி முடிந்த விடியற்காலையில் கிரிவலப் பாதையில் நடப்போம். யார் பெருக்குகிறார்கள், எத்தனை பேர், எத்தனை மணியிலிருந்து, என்ன கூலிக்கு என்று கேட்டு எழுதுவோம். அந்தக் கணக்கோடு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போவோம். நிரந்தர வேலை, இயந்திரம், ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை. மூன்றும் கிடைக்கும்வரை அந்தச் சுவரில் தொங்கும் 5 எஸ் பலகைக்கு அர்த்தம் இல்லை.

ஜெய்பீம்!