வாடகைக்கு ஒரு வீடு

மனநோய் மருத்துவமனைகளில் ஒரு விநோதம் உண்டு. நோய் தணிந்து, மருத்துவரும் “இனிப் போகலாம்” என்று கூறிய பின்பு, போக இடமின்றி ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுவோர் பலர். பெற்றோர் காலமாகியிருப்பர், கணவர் மறுமணம் புரிந்திருப்பார், உடன்பிறந்தார் கடிதத்துக்கு விடை எழுதுவதை நிறுத்தியிருப்பர். திசை தெரியாமல் ரயிலேறி வந்தவராயின், அவர் பேசும் மொழிகூட அவ்வூராருக்கு விளங்காது.

குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களால் மட்டும் ஒருவரை மருத்துவமனையில் இருத்தி வைக்கலாகாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19-ம் பிரிவு விதிக்கிறது. குழு இல்லங்கள் போன்றவற்றுக்கு வழிசெய்வது அரசின் கடமை என்றும் அது கூறுகிறது. சட்டம் நன்றே. வீடு கொடுக்கப் போகிறவர் யார்?

சென்னையில் 1993-ம் ஆண்டு வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய ‘தி பான்யன்’ நிறுவனம், தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களைப் பேணுவதில் இறங்கியது. ‘அடைக்கலம்’ என்னும் அதன் இல்லத்தில் தேறியவர் பலர் ஊர் திரும்பினர். திரும்ப இயலாதவருக்காக 2015-ல் அது கண்ட வழி மிக எளியது: சாதாரணத் தெருவில் சாதாரண வீடொன்றை வாடகைக்கு எடுத்தல். தமக்குள் ஒத்துப்போகும் நால்வர் ஐவர் அங்கே ஒரு குடும்பம் போல் குடியேறுகின்றனர். உதவியாளர் துணையிருக்கிறார்; மருந்தும் மருத்துவரும் தொடர்கின்றனர். மற்றபடி கடைக்குப் போவதும், சமைப்பதும், இயன்றவர் வேலைக்குச் செல்வதும் அவர்கள் பாடு. கேரளத்திலும் அஸ்ஸாமிலும் இம்முறை பரவியிருக்கிறது.

நம் கருத்தைக் கவர்ந்தது அந்தச் சமையலறைதான். பெரிய விடுதியில் மணியடித்தால் சோறு வரும். குழம்பில் புளி கூடிற்றா, குறைந்ததா என்று கேட்பார் இல்லை. இங்கே புளியைக் கூட்டியவர் யார் என்று சச்சரவே எழலாம். எழட்டுமே! வீடென்றால் அதுவும் உண்டு.

எல்லோருக்கும் எப்போதும் இது பொருந்தும் என்று நாம் கூறவில்லை. நோய் திரும்பினால் மருத்துவமனை வேண்டியதே. உதவியாளரை விலக்கிவிட்டால் ஏற்பாடு குலைந்துபோகும். 2001 ஆகஸ்டு 6-ம் நாள் ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீக்கிரையானதும் ‘இல்லம்’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஓரிடத்தில்தான்.

ஆனால் இவ்வேற்பாடு தடுமாறுவது பெரும்பாலும் வாசற்படியில். வீட்டுக்காரர் தயங்குவார், “குழந்தைகள் இருக்கும் இடம்” என்று அக்கம்பக்கத்தார் முணுமுணுப்பர். பிழைப்புத் தேடி வந்த நம்மவருக்கு அவ்வாசற்படி புதிதா என்ன? “மதராஸியா?” என்ற கேள்விக்குப் பின் சாத்தப்பட்ட கதவுகளைப் பற்றி நம் முதியோர் இன்றும் சொல்வதுண்டு. இன்றோ நம்மில் பலர் வீட்டுக்காரர்கள். குடியிருப்புச் சங்கங்களில் செயலாளர்கள், பொருளாளர்கள். இத்தகைய விண்ணப்பம் கூட்டத்துக்கு வருமாயின், துணையிருப்பவர் யார், மருத்துவர் யார், நள்ளிரவில் அழைத்தால் வருபவர் யார் என்று கேட்போம், நியாயமான கேள்விகளே. விடை திருப்தியானால் சாவியைக் கொடுக்கலாம்.

இன்னொன்று. நம் நகரத்து மனநோய் மருத்துவமனையில், தமிழ் மட்டுமே அறிந்தவர் எவரேனும் பேச்சுத்துணையின்றி இருக்கிறாரா என்று விசாரித்துவர அன்பர் இருவர் தேவை. விருப்பமுள்ளோர் அடுத்த மாதக் கூட்டத்தில் பெயர் கொடுக்கலாம்.