பாடாங்கும் கடோத்கஜனும் ஒரே அணியில்

ரோப்லாக்ஸ் போன்ற இணைய விளையாட்டுகளைத் தடை செய்யலாமா என்று ஆலோசிப்பதாக மலேசியாவின் மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு 2025 இறுதியில் சொன்னது. அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்றும் அரசு முடிவெடுத்துவிட்டது. அடுத்த வெட்டு இணைய விளையாட்டின் மீதுதான் என்று பெற்றோர் கூட்டங்களில் இப்போதே கைதட்டுகிறார்கள். துருக்கி 2024-இல் ரோப்லாக்ஸை முடக்கியது, கத்தாரும் குவைத்தும் 2025-இல் முடக்கின, நமக்கு என்ன தயக்கம் என்று கேட்கிறார்கள். அந்த நாடுகளில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் நம்முடையவை போல் மொழிவாரியாக மூன்றாகப் பிரிந்து கிடக்கவில்லை. தயக்கம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013-2025 தந்த கணக்கைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் சீனப் பிள்ளைகளில் 92 விழுக்காட்டினர் சீனப்பள்ளிக்குப் போனார்கள்; 2011-இல் அது 96 ஆகிவிட்டது. அதே காலத்தில் தமிழ்ப்பள்ளிக்குப் போன இந்தியப் பிள்ளைகள் 47 விழுக்காட்டிலிருந்து 56-க்கு உயர்ந்தார்கள். தேசியப் பள்ளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் பூமிபுத்ரா பிள்ளைகளே. ஒற்றுமை பற்றி யார் மேடையேறினாலும் நான் இந்தக் கணக்கைத்தான் எடுத்து வைப்பேன்; வைத்துக்கொண்டே இருப்பேன். தமிழ்ப்பள்ளி வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றுக்குப் பூட்டுப் போட வந்தாலும் தெருவில் இறங்க வேண்டும் என்று நினைப்பவன் நான். ஆனால் ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை தன் இனத்துப் பிள்ளைகளோடு மட்டுமே உட்கார்ந்து படிக்கிறது. சீனப்பிள்ளைக்கும் மலாய்ப்பிள்ளைக்கும் பெரும்பாலும் இதே கதைதான். பிறகு முதலாம் படிவத்திலோ புகுமுக வகுப்பிலோ மூவரையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறோம். அதற்குள் ஒவ்வொருவருக்கும் கூட்டாளிகள் அமைந்துவிடுகிறார்கள். சிற்றுண்டிச்சாலை மேசைகளைப் போய்ப் பார்த்தால் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பது தெரியும்.

அந்த ஆறு வருடங்களில் மூன்று பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து நிற்கும் இடம் எது? காஜாங்கைச் சுற்றி, செமினி வரைக்கும் பாங்கி வரைக்கும், தாமான்களும் அடுக்குமாடிகளும் முளைத்த வேகத்தில் திடல்கள் முளைக்கவில்லை. டியூஷன் வகுப்பு அவரவர் மொழியில். சமய வகுப்பு அவரவர் வழியில். மிஞ்சியிருப்பது கைப்பேசிதான்.

மொபைல் லெஜண்ட்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டை ஆடும் பிள்ளைகளை ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு தடை பற்றிப் பேசுங்கள். காஜாங் ஸ்டேடியத்துக்குக் கொஞ்ச தூரத்தில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் மாமாக் கடையில் ஒரு கூட்டம் உண்டு. ஒரு தமிழ்ப் பையன், இரண்டு மலாய்ப் பையன்கள், ஒரு சீனப் பையன். ஐந்தாமவன் சபாவில் இருக்கிறான். அவன் முகத்தை இவர்கள் பார்த்ததே இல்லை, குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வரும். ஐந்து பேர் ஓர் அணி, எதிரே ஐந்து பேர், மூன்று பாதைகள். ஒருவன் காட்டுக்குள் திரிந்து பலம் சேர்க்க வேண்டும். ஒருவன் டேங்க் எடுத்து மற்றவர்களுக்கு விழ வேண்டிய அடியை வாங்க வேண்டும். யாரும் தனியாக ஜெயித்துவிட முடியாது. “மச்சா, கௌ அம்பில் டேங்க்” என்று மலாய்ப் பையன் சொல்ல, தமிழ்ப் பையன் கடோத்கஜனை எடுத்தான்.

ஆம், நம்முடைய கடோத்கஜன்தான். பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்தவன். இந்தோனேசிய ஆட்டக்காரர்களுக்காக அந்த விளையாட்டில் சேர்க்கப்பட்ட வீரன் அவன். அவனுடைய பேராற்றல், வானில் எழும்பி எதிரிகளின் நடுவில் வந்து விழுவது. பாரதப் போரில் கர்ணனின் சக்தி ஆயுதம் நெஞ்சில் பாய்ந்தபோது அவன் செய்தது அதுதான்: சாகும் தறுவாயில் உடலைப் பெருக்கிக் கௌரவர் சேனையின் மீது விழுந்து ஓர் அக்குரோணியை நசுக்கினான். நான் அதைச் சொன்னதும் தமிழ்ப் பையனுக்கு மாயா பஜார் நினைவுக்கு வந்தது. ரங்காராவ் விருந்துச் சாப்பாட்டை வாரி விழுங்கும் காட்சியைப் பாட்டியோடு பார்த்திருக்கிறான். மலாய்ப் பையன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் தாத்தாவும் இவனைப் பற்றிச் சொல்வார் என்றான். தாத்தாவின் குடும்பம் ஜாவாவிலிருந்து வந்தது. கம்பி நரம்பும் இரும்பு எலும்பும் கொண்டவன் என்று ஜாவாக்காரர்கள் கடோத்கஜனைச் சொல்வார்கள். ஒரே வீரனை இரண்டு பாட்டன் வீடுகள் இரண்டு விதமாகப் பாதுகாத்து வைத்திருக்கின்றன. அந்த இரண்டு பேரப்பிள்ளைகளும் இதைப் பேசிக்கொள்ள ஒரு விளையாட்டு வர வேண்டியிருந்தது.

அதே ஆட்டத்தில் மலேசியாவின் பெயரால் நிற்பவன் பாடாங். செஜாரா மெலாயு சொல்லும் பலசாலி. அவன் புகழைக் கேள்விப்பட்ட இந்தியக் கரையின் அரசன் ஒருவன், தன் மல்லன் நாடி விஜய விக்கிரமனை ஏழு கப்பல்களோடு சிங்கபுரத்துக்கு அனுப்பினான். ஏழு கப்பல்களும் பந்தயம். கடைசிப் போட்டியில் பாடாங் பெரும்பாறையைத் தூக்கி ஆற்று முகத்துவாரத்தில் எறிந்தான். வந்த மல்லன் கப்பல்களை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். கதையில் எனக்குப் பிடித்த இடம் அதற்குப் பிறகு வருகிறது. பாடாங் இறந்த செய்தி எட்டியதும், பந்தயத்தில் தோற்ற அதே அரசன் அவன் கல்லறைக்குக் கல் செதுக்கி அனுப்பினான். இந்தியக் கரைக்கும் இந்தக் கரைக்கும் இடையே போட்டியும் மரியாதையும் எப்படி இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல கதை என்னிடம் இல்லை. நம் வீடுகளில் எத்தனை பேர் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

பாடாங்கையும் கடோத்கஜனையும் ஒரே அணியில் நிறுத்தியது நம் ஒற்றுமைத் துறை எதுவும் செய்த வேலை இல்லை. ஷங்ஹாயில் இருக்கும் மூன்டன் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட விளையாட்டு அது. லாபத்துக்காகத்தான் செய்தார்கள். செய்தவரின் நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பிடுங்க வருகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம்.

விளையாட்டு வன்முறையை வளர்க்கிறது என்கிறார்கள். 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் படுகொலைக்குப் பிறகு நெகிரி செம்பிலான் முப்தி பப்ஜியைத் தடை செய்யச் சொன்னார். 2025 அக்டோபரில் பண்டார் உத்தாமா பள்ளியில் ஒரு மாணவி கொல்லப்பட்டாள். அந்தக் குடும்பத்தின் கண்ணீர் காயும் முன்பே விரல்கள் கைப்பேசியை நோக்கி நீண்டன. அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் மரியாதை இதுவா? ஒரு பையன் கொலை செய்யும் அளவுக்கு மனம் கெட்டுப்போனதை வீட்டிலும் பள்ளியிலும் யார் கவனித்தார்கள், கவனிக்க எத்தனை ஆலோசக ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று கேட்பது கடினம். ஒரு செயலியின் பெயரைச் சொல்வது எளிது. எளிதானதைச் சொல்லிவிட்டுக் கடமை முடிந்தது என்று போகிறவர்களோடு வாதம் செய்ய எனக்கு நேரமில்லை.

சிறுவர்களை வேட்டையாடும் பெரியவர்கள் இணைய விளையாட்டுகளில் உலவுகிறார்கள் என்பது உண்மையான கவலை. அதற்காகத்தான் ரோப்லாக்ஸ் 2026 ஜனவரி முதல், உரையாட விரும்புகிறவரின் முகத்தைக் கேமராவில் பார்த்து வயதைக் கணித்து, ஏறத்தாழ அதே வயதுக் குழுவோடு மட்டும் பேச விடுகிறது. அது ஒழுங்காக நடக்கிறதா என்று தொடர்பு, பல்லூடக ஆணையம் கண்காணிக்கட்டும், தவறினால் தண்டிக்கட்டும். சட்டம் அதற்குத்தானே வந்தது?

இன்னொரு குற்றச்சாட்டு, ஆட்டத்தில் தோற்றதும் நம் பிள்ளைகளை அந்தப் பழைய இன வசையால் திட்டுகிறார்கள் என்பது. திட்டுகிறார்கள், நானே கேட்டிருக்கிறேன். அந்தச் சொல் சாலையிலும் சந்தையிலும் நம்மைத் துரத்திய சொல். அதற்காக யாரும் சாலையை மூடவில்லை. விளையாட்டில் புகார் பொத்தானாவது இருக்கிறது. தமிழ்ப் பையனைத் திட்டியவனை அவனுடைய மலாய்க் கூட்டாளியே புகார் செய்வதையும் அந்த மாமாக் கடையில் பார்த்தேன்.

ஒற்றுமைக்காக அரசு செய்ததை நினைத்துப் பாருங்கள். 2004-இல் தேசிய சேவைப் பயிற்சி தொடங்கியது. பதினெட்டு வயதானவர்களைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் முகாமில் தங்கவைத்தார்கள். 2018-இல் அதை மூடினார்கள்; 2025-இல் மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். பதினெட்டு வயதில் ஒரு பிள்ளையை இன்னொரு இனத்துப் பிள்ளைக்கு அறிமுகம் செய்வது முற்றிய மரத்தை வளைக்கும் வேலை. ஒன்பது வயதில் கைப்பேசி அதைச் செய்கிறது, அரசுக்கு ஒரு காசு செலவில்லாமல். அத்தனை முகாம்களும் சேர்ந்து செய்ததைவிட அதிகமான இணக்கத்தை மொபைல் லெஜண்ட்ஸ் என்ற இந்த ஒரு விளையாட்டு இந்த நாட்டில் உண்டாக்கியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2024 ஜூலையில் ரியாத்தில் மொபைல் லெஜண்ட்ஸ் கோப்பையையும் 10 லட்சம் டாலர் பரிசையும் வென்றது செலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ். இறுதி ஆட்டத்தில் பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என வீழ்த்தியது. வென்ற அணியின் பயிற்றுநரும் பிலிப்பைன்ஸ்காரர். அன்று காஜாங் பிள்ளைகள் தங்கள் மாநிலத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், இனத்தின் பெயரை இல்லை. 2019 நவம்பரிலும் 2024 டிசம்பரிலும் உலகப் போட்டியே புக்கிட் ஜாலிலுக்கு வந்தது.

நம் சமூகத்திடமும் ஒரு வார்த்தை. டொரொண்டோவில் 2023-இல் வெண்பா என்ற விளையாட்டை ஒரு சிறிய குழு உருவாக்கியது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் களம். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்று ஆட்டக்காரர் கண்டுபிடிக்க வேண்டும். இட்லியைச் சாப்பிட்டே இராதவர்கள் உலகெங்கும் உட்கார்ந்து தட்டைத் திருப்பித் திருப்பி அடுக்கினார்கள். அந்த விளையாட்டு 2024-இல் சுயாதீன விளையாட்டுத் திருவிழாவின் தலைப் பரிசைப் பெற்றது. வாய்ப்பு இங்கேயும் உண்டு: பால்டர்ஸ் கேட் 3 என்ற விளையாட்டை உருவாக்கிய லாரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரில் கிளை இருக்கிறது. மெட்ரோனொமிக் போன்ற உள்ளூர் நிறுவனங்களும் இருக்கின்றன. தோட்டத்து வாழ்க்கையை, பத்துமலைக்குக் காவடி ஏறும் நாளை, ஒரு மலாய்ப் பிள்ளை விளையாடித் தெரிந்துகொள்ளும்படி நம் இளைஞர்கள் செய்ய முடியாதா? பிள்ளை விளையாட்டு நிறுவனத்தில் வேலைக்குப் போகிறேன் என்றால் முகம் சுளிக்கும் பெற்றோர் முதலில் மாற வேண்டும்.

2019 வரவு செலவுத் திட்டத்தில் மின்விளையாட்டுக்கு 1 கோடி ரிங்கிட் ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டு அது 2 கோடியானது. பணம் ஒதுக்கத் தெரிந்த அரசு அதைத் தொடக்கப்பள்ளி வரை கொண்டுவரட்டும். காஜாங் நகராண்மைக் கழகம் தன் மண்டபத்தில் ஒரு போட்டி நடத்தலாம். விதி ஒன்று போதும்: ஓர் அணியின் ஐந்து பேரில் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப் பள்ளி மூன்றிலிருந்தும் பிள்ளைகள் இருக்க வேண்டும். பயிற்சி சனிக்கிழமை காலையில், பெற்றோர் கண்ணெதிரே, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல். செலவு ஒரு மண்டபமும் இணைய இணைப்பும் சில கோப்பைகளும். உலு லங்காட் மாவட்டம் முழுவதும் பத்து ஆண்டுகள் இதை நடத்திவிட்டுச் சிற்றுண்டிச்சாலை மேசைகளைப் போய்ப் பாருங்கள். அதைச் செய்து பார்க்கும் வரை தடை பற்றிய கோப்பை அமைச்சு மூடி வைக்கட்டும்.