எரிபொருள் மாறும்போது நுரையும் சோதிக்கப்பட வேண்டும்

2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி டோக்கியோவின் ஹனேடா விமான நிலைய ஓடுபாதையில், தரையிறங்கிய பயணிகள் விமானமொன்று கரையோரக் காவற்படை விமானத்துடன் மோதித் தீப்பற்றியது. காவற்படை விமானத்திலிருந்த ஐவர் உயிரிழந்தனர். எனினும் பயணிகள் விமானத்திலிருந்த 379 பேரும் உயிர் தப்பினர். விமானத் தீ விபத்துகளில் ஒவ்வொரு நிமிடமும் எத்துணை பெறுமதியானது என்பதை இச்சம்பவம் உணர்த்தியது. அந்த நிமிடங்களைப் பெற்றுத் தருவதே தீயணைப்பு நுரையின் பணியாகும்.

இன்று அந்த நுரையும் மாறுகின்றது. அது அணைக்க வேண்டிய எரிபொருளும் மாறுகின்றது. 1960களில் அமெரிக்கக் கடற்படையின் முயற்சியால் உருவான நுரை, புளோரின் சேர்வைகளின் துணையுடன் எரிபொருளின் மேல் மெல்லிய நீர்ப்படலத்தைப் பரப்பித் தீயை அடக்கியது. ஆனால் இச்சேர்வைகள் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் அழியாது தங்குபவை. அவற்றுள் பிஎப்ஓஎஸ் 2009இல் ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. எனவே புளோரின் அற்ற நுரைக்கு மாறுவது தவிர்க்க முடியாததாகிவிட்டது.

மறுபுறம், காலநிலை மாற்றத்தைக் கருத்திற்கொண்டு ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் தனது விமான நிலையங்களுக்கு வழங்கப்படும் எரிபொருளில் 2 சதவீதமும், 2050இல் 70 சதவீதமும் நிலைபேறான எரிபொருளாக இருத்தல் வேண்டுமெனச் சட்டமியற்றியுள்ளது. செயற்கை எரிபொருளை 50 சதவீதம் வரை கலப்பதற்கே இதுவரை பொது அனுமதி உண்டு. ஆயினும் 2023 நவம்பரில் விமானமொன்று முற்றிலும் இத்தகைய எரிபொருளுடன் லண்டனிலிருந்து நியூயோர்க் சென்றடைந்தது.

இங்கேதான் வினா எழுகின்றது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நுரைச் சோதனை, வழமையான மண்ணெண்ணெய் வகை எரிபொருளைத் தட்டில் எரித்து, 60 விநாடிகளுக்குள் தீ அணைகின்றதா என ஆராய்வதாகும். செயற்கைப் பரபின் எரிபொருளிலோ அரோமற்றிக் சேர்வைகள் அநேகமாக இல்லை. நீர்ப்படலம் பரவுவது எரிபொருளின் பரப்பு இழுவிசையில் தங்கியுள்ளது. புளோரின் அற்ற நுரைக்கு அப்படலமே கிடையாது. நுரைப் போர்வையின் உறுதியே அதன் பலம். ஓர் எரிபொருளை வென்ற நுரை மற்றொன்றிடம் தோற்கலாம். மதுசாரம் சாதாரண நுரையைச் சிதைத்துவிடும் என்பது தீயணைப்பாளர் நன்கறிந்த பாடமாகும்.

புதிய எரிபொருள் கூடிய ஆபத்தானது என இதற்குப் பொருள் கொள்ளலாகாது. சோதிக்காமல் பாதுகாப்பானதெனக் கொள்வதே ஆபத்து. சூழலைக் காக்கும் இவ்விரு மாற்றங்களும் வரவேற்கத்தக்கவையே. ஆனால் அவை இணையும் இடத்தில் நிற்பவர்கள் பயணிகளும் தீயணைப்பு வீரர்களுமாவர். புதிய நுரையைப் புதிய எரிபொருளின் தீயிலேயே, கலவையிலும் தூய நிலையிலும் சோதித்து, பெறுபேறுகளைப் பகிரங்கப்படுத்துவது சம்பந்தப்பட்டோரின் கடமையாகும். அச்சோதனை நடைபெற வேண்டிய இடம் பயிற்சித் தளமேயன்றி, பயணிகள் நிறைந்த ஓடுபாதையன்று.