செஞ்சியின் தண்ணீரை முதலில் காப்பாற்றுங்கள்

மதிப்பிற்குரிய இந்தியத் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,



2025 ஜூலையில் ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். இனி இந்த மலைக்கோட்டையைத் தேடி வருகிறவர்கள் கூடுவார்கள். சீரமைப்புப் பணிகளும் பெருகும். அந்தப் பணிகளில் தண்ணீருக்கு முதலிடம் தாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

1677இல் சிவாஜி பிடித்து வலுப்படுத்திய செஞ்சியில்தான், பின்னாளில் அவர் மகன் இராஜாராம் அடைக்கலம் புகுந்தார். சுல்பிகார்கானின் முகலாயப் படை 1690இல் வந்து வளைத்தது. கோட்டை விழுந்தது 1698இல். இடையிடையே முற்றுகை தளர்ந்தது உண்மைதான். ஆனாலும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதில் மட்டும் இவ்வளவு காலம் ஒரு படையைக் காத்திருக்காது. உள்ளே களஞ்சியத்தில் தானியம் இருந்தது, சுனையில் தண்ணீர் இருந்தது.

ராஜகிரி ஏறியவர்களுக்கு இது விளங்கும். மூச்சு வாங்க உச்சியை நெருங்கும்போது பாறை பிளந்து ஆழமான பள்ளம் குறுக்கிடுகிறது. கடக்க ஒரு சிறு பாலம்தான். அன்று பாலத்தை எடுத்துவிட்டால் பகைவர் நெருங்க முடியாது. ஆனால் மேலே குடிநீர் இல்லையென்றால் அந்தக் காவலே சிறையாகியிருக்கும். கட்டியவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். உச்சியில் நல்ல தண்ணீர்ச் சுனை; அடிவாரத்தில் செட்டிகுளம், சக்கரக்குளம்; கல்யாண மகாலுக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சுடுமண் குழாய். வருகிறவர்களோ அந்த மகாலின் அடுக்கடுக்கான வளைவுகளுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். குழாய் போன தடத்தை யாராவது சுட்டிக்காட்டினால்தானே அவர்கள் குனிந்து பார்ப்பார்கள்?

ஆகவே, குளங்களைத் தூர்வாரி, வரத்துக்கால்களை அடைப்பின்றி வைத்திருங்கள். சுனைகளில் குப்பை விழாமல் காவல் போடுங்கள். குழாய்த் தடத்தைத் தரையில் அடையாளமிட்டு, அந்த நீர் ஏற்பாட்டைத் தமிழில் படம் போட்டு விளக்குங்கள்.

சுவர்களைச் செப்பனிடும்போதும் தண்ணீரை மறக்கக் கூடாது. பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மழை ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், காரை பெயரும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமே வேலையை ஒப்படையுங்கள்.

அரண்மனை இருந்த இடத்தில் இன்று மிஞ்சியிருப்பது அடித்தளம்தான். கூட்டத்தைக் கவர அதன்மேல் புதிய மாளிகை எழுப்பிவிடாதீர்கள். பழையதோடு சேர்க்கும் புதிய வேலை பொருந்தியும் இருக்க வேண்டும், புதிது என்று அடையாளமும் தெரிய வேண்டும் என்கிறது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். இருப்பது நிலைத்தால் போதும். இல்லாததைக் கற்பனையாக நிரப்ப வேண்டியதில்லை.

கடைசியாக, சுற்றுவட்டாரத்து இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுங்கள். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த தேசிங்கு ராஜனின் கதையைச் சொல்ல அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். அந்த வீரத்துக்குப் பின்னால் இருந்த குளத்தையும் குழாயையும் களஞ்சியத்தையும் சொல்லக் கற்றுக்கொடுத்தால், ஊருக்குப் பிழைப்பும் கிடைக்கும், கோட்டைக்குக் காவலும் கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்துவிட முடியாது என்பதை அறிவேன். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரத்துக்கால்களைச் சீர்செய்யும் வேலையையாவது தொடங்கிவிடுங்கள். அதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். மண்வெட்டியும் ஆட்களும் உங்கள் உத்தரவும் போதும்.

இப்படிக்கு,
செஞ்சியை நேசிக்கும் ஒரு வாசகன்