டாக்டர் வரும்வரை யார் கை வைப்பது?

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். மருத்துவமனையில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

என் அண்ணன் மறைந்து வரும் ஆடியோடு ஒரு வருடம் ஆகிறது. "ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மாரடைப்பு" என்றுதான் உறவுகள் பலருக்கும் தெரியும். அன்று பக்கத்தில் இருந்தவன் நான். காலில் சர்க்கரைப் புண்ணுக்காகச் சேர்த்திருந்தோம். மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே தலையணையில் சாய்ந்துவிட்டார். கூப்பிட்டேன், அசைவில்லை.

என் சத்தம் கேட்டு நர்ஸ் பெண் ஓடி வந்தாள். தட்டிப் பார்த்தாள், நாடி பார்த்தாள். முகம் வெளிறிப்போய் டியூட்டி டாக்டருக்குப் போன் செய்ய ஓடினாள். வார்டு உதவியாளர் ஒருவர் பி.பி. மெஷினைத் தள்ளி வந்தார். இன்னொருவர் திரையை இழுத்து மறைத்தார். டாக்டர் வந்து மார்பில் கை வைக்கும்போது சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் ஓடியிருந்தது. அந்த ஐந்து நிமிடமும் அண்ணன் மார்பில் யார் கையும் படவில்லை. முப்பத்து நான்கு வருடம் இரத்த ஓட்டப் பாடம் நடத்திய இந்த உயிரியல் வாத்தியார் கையும் படவில்லை.

உடனே அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் இதயம் நின்றுவிட்டால் நான்கைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். அவருக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பு கிடைக்கவில்லை. அதுதான் என் ஆற்றாமை.

சில வாரம் கழித்து ஒரு சான்றிதழுக்காக அங்கே போனேன். அந்தப் பெண்ணே என்னிடம் வந்து பேசினாள். "படிச்சிருக்கேன் சார். பரீட்சையில நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனா பொம்மை மேல ஒரே ஒரு தடவைதான் அழுத்திப் பார்த்திருக்கேன். டாக்டர் சொல்லாம ஆரம்பிச்சு விலா எலும்பு உடைஞ்சா யார் சார் பதில் சொல்றது?" என்று அழுதாள். எனக்குக் கோபம் வரவில்லை. என் வகுப்பில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பெண் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

அவள் சொன்னதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று பயிற்சி. சைக்கிள் ஓட்டக் கற்றால் மறக்காது, சி.பி.ஆர். அப்படியில்லை. பயிற்சி பெற்றவர்களுக்கே மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் திறமை குறையத் தொடங்கிவிடுகிறது. சான்றிதழோ இரண்டு வருடத்துக்குச் செல்லும். சுவரில் சான்றிதழ் தொங்கும், கைக்கு மறந்துபோயிருக்கும்.

இரண்டாவது பயம். இதுதான் பெரியது. நின்றுபோன இதயத்தை நாம் கெடுக்க என்ன இருக்கிறது? விலா எலும்பு உடைந்தால் சேர்ந்துவிடும். இது அவளுக்கும் தெரியும். ஆனால் எதற்கெடுத்தாலும் "யாரைக் கேட்டுச் செய்தாய்?" என்று அதட்டும் இடத்தில், தெரிந்தவர் கையும் நீளாது. "முதலில் பார்ப்பவர் உடனே தொடங்கலாம், அதற்காக யாரையும் விசாரிக்க மாட்டோம்" என்று நிர்வாகம் எழுதி ஒட்ட வேண்டும். இனி வேண்டாம் என்று மருத்துவரும் குடும்பமும் முன்பே முடிவு செய்து கேஸ் ஷீட்டில் எழுதிய நோயாளிகள் மட்டும் விதிவிலக்கு.

இது டாக்டருக்கு மட்டுமே உரிய வித்தை அல்ல. 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இந்த முறையை வெளியிட்ட மூவரில் கௌவன்ஹோவன் என்பவர் மின் பொறியாளர். பயிற்சிக்கான பொம்மையை உருவாக்கிய லேர்டால், நார்வேயில் விளையாட்டுப் பொம்மை தயாரித்தவர்.

போன மாதம் நானும் ஒரு பயிற்சிக்குப் போனேன். மார்பின் நடுவில் உள்ளங்கை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒரு நிமிடத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. இளைஞர்களே ஆனாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டுமாம். அப்படியென்றால் இரவில் வார்டுக்கு ஒரே நர்ஸ் இருக்கும் இடத்தில் அவளுக்குக் கை மாற்ற யார் இருக்கிறார்கள்? வார்டு உதவியாளர், துப்புரவுப் பணியாளர், வாட்ச்மேன், லிஃப்ட் இயக்குபவர். இவர்களுக்கெல்லாம் யாராவது கற்றுக்கொடுத்திருக்கிறோமா?

நர்ஸாக, டாக்டராக, லேப் டெக்னீஷியனாக இருக்கும் என் பிள்ளைகளே, உங்களுக்கு வாத்தியார் தரும் வீட்டுப்பாடம் இது. கடைசியாக எப்போது பொம்மை மேல் கை வைத்துப் பழகினீர்கள்? கீழே உண்மையாக எழுதுங்கள், திட்டமாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பழக ஏற்பாடு செய்யுங்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் அந்த அறிவிப்பை எழுதி ஒட்டுங்கள்.

மற்றவர்களும் கற்றுக்கொள்ளுங்கள். பொதுமக்கள் வாயில் ஊதக்கூடத் தேவையில்லை. 108க்குச் சொல்லிவிட்டு, ஆள் வரும்வரை விடாமல் அழுத்தினால் போதும்.

அண்ணன் திவசத்துக்கு வரும் உறவுகளுக்குச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் இந்தப் பயிற்சி வைத்திருக்கிறேன். பொம்மை வாடகைக்குச் சொல்லியாயிற்று. நேரத்தோடு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் வாத்தியார்