விலையை எழுதிப் போட்டால் என்ன?

"பணவீக்கம் கொறஞ்சிட்டு எண்டு செய்தியில சொல்றாங்க, சாமான் விலை மட்டும் ஏன் சேர் குறையல்ல?"

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. கடையில் பில்லைப் பார்த்துத் திகைக்கிற பெரியவர்களுடைய கேள்வியும் இதுதான்.

கணக்கு இப்படி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுச் சாமான் சராசரியாக 195 ரூபா ஆனது. அடுத்த செப்டெம்பரில் அது மறை 5.2 வீதம். நல்ல செய்திதான். ஆனால் 195இல் 5.2 வீதம் வெறும் 10 ரூபா. விலை 185இல் நின்றது. யாருடைய சம்பளம் அப்படி ஏறியது? அதற்கு மேல் 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 வீதமானது.

இதில் எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் மேல் குற்றமில்லை. அவர்களும் கூடின விலைக்குத்தான் சாமான் இறக்குகிறார்கள். ஆனால் ஒரு விஷயம் அவர்கள் கையில் இருக்கிறது.

பக்கற் சாமானில் விலை அச்சடித்திருக்கும். பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், கருவாடு இதற்கெல்லாம்? நிறுத்துக் கட்டிய பிறகுதான் விலை தெரிகிறது. பின்னால் நாலு பேர் நிற்கும்போது "வேணாம் நானா" என்று திருப்பிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? கூலி வேலை செய்பவர் பேசாமல் வாங்கிக்கொண்டு போய், வேறு எதையோ குறைக்கிறார். பெரும்பாலும் அது பிள்ளையின் பால்மாவாக இருக்கும்.

கொப்பிக் கடனுக்கு வாங்குபவர் நிலை இன்னும் மோசம். கடன் வாங்கும் வாய் விலை கேட்காது. மாத முடிவில் மொத்தத் தொகையைக் கேட்டுத்தான் திடுக்கிடுகிறார்.

விலையை வாடிக்கையாளர் பார்க்கும்படி காட்சிப்படுத்த வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. முறையிட 1977 என்ற இலக்கமும் உண்டு. ஊருக்குள் அதுவரை போகத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஒரு காட்போட் மட்டையும் மாக்கர் பேனையும் போதும்.

"விலை நாளுக்கு நாள் மாறுது சேர்" என்பார்கள். மரக்கறிக்கு அது உண்மை. அதற்குத்தான் கரும்பலகையும் வெண்கட்டியும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் தினமும் திகதியை அழித்து எழுதவில்லையா?

கொப்பியிலும் தொகையை மட்டும் போடாமல், ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் அதன் விலையை எழுதிக் கொடுங்கள். இந்த மாதக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.