தவளைக்கு வால் எதுக்கு?

விரால் பிடிக்கிற ரப்பர் தவளையைக் கையில எடுத்துப் பாருங்க. ரெண்டு முள்ளும் மேல்நோக்கி, முதுகோட ஒட்டி இருக்கும். அதனாலதான் ஆகாயத்தாமரை மேல இழுத்தாலும் சிக்காம வழுக்கிட்டு வருது. மீன் கவ்வினதும் ரப்பர் அமுங்கும், முள் வெளியே வரும். அவ்வளவுதான் சூட்சுமம்.

நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? "அடிக்குது, ஆனா மாட்ட மாட்டேங்குது"ன்னு வாலே இல்லாத தவளைக்குப் பின்னாடி ஒரு மும்முனை முள்ளைத் தொங்க விட்டுடறாங்க. நானும் விட்டவன்தான். பாதி நேரம் கொடியைத்தான் பிடிச்சேன். மீதி நேரம் மாட்டின விராலுக்குச் செவுள் வரைக்கும் கிழிஞ்சிருந்தது. சின்ன மீனைத் திருப்பி விட்டும் பிரயோஜனமில்லை.

இப்போ நான் செய்றது ரெண்டே வேலை. குறடால முள்முனைகளை ஒரு நூலளவு வெளிப்பக்கமா வளைப்பேன். முனைக்குக் கீழே பின்னோக்கி நிக்கிற சின்ன நாக்கை நசுக்கிடுவேன். நரம்பைத் தொய்ய விடாம இழுத்தா மீன் அவ்வளவு சுலபமா தப்பாது. கழட்டுறதும் நொடி வேலை.

இன்னொரு விஷயம். விரால் தன் குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிக்கிற மீன். செக்கச்செவேல்னு குஞ்சுகள் மொய்க்கிற இடத்துல தவளையைப் போட்டா, அது பசியில அடிக்கலை, பிள்ளைங்களைக் காப்பாத்த அடிக்குது. அங்கே போடவே கூடாதுங்கறது என் கட்சி. தெரியாம மாட்டிட்டா உடனே, காயமில்லாம திருப்பி விடணும். மும்முனை முள்ளோட அது நடக்கிற காரியமா?

ஒரு மீன் தப்பிச்சா தப்பிச்சுட்டுப் போகட்டுமே. அடுத்த வருஷமும் ஏரிக்கரைக்கு நாமதானே வரப் போறோம் :-)